குசினி மேசைக் கனி

முடிச்சு அவிழவில்லை. நாலு வருச வேர்வையும் ரப்பர் பாலும் ஏறிக் கயிறு கட்டையாகியிருந்தது. நகம் போதவில்லை. முடிச்சை முன்பக்கம் திருப்பி வாய்க்குக் கொண்டுவந்து பல்லால் கடித்தேன். மஞ்சள் ருசி இல்லை. உப்புதான்.

தாலி கையில் வந்தது. அதைக் குசினி மேசையில் கண்ணாடிக்கு முன்னால் வைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரம். லயத்தில் எந்த வீட்டிலும் வைக்க மண்ணெண்ணெய் இல்லை. சப்பான்காரன் காலம். அவன் வந்து மூன்றாவது சித்திரை என்று நினைக்கிறேன். மரவள்ளிக் கிழங்கு தின்ற வருசங்களைப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மறுநாள் வருசப் பிறப்பு.

படிக்கிறவர்கள் வேறு மாதிரி நினைக்க வேண்டாம். புருசன் செத்துப்போய்த் தாலியைக் கழற்றவில்லை. அவர் சாகவில்லை என்று சொல்லத்தான் கழற்றினேன். அது எப்படி என்பதுதான் இந்த வாரம்.

கிராணியின் புத்தகம்

எங்கள் தோட்டம் பைத்திய ஆஸ்பத்திரி இருக்கிற தஞ்சோங் ரம்புத்தான் பக்கம், ரோட்டிலிருந்து இரண்டு கல் உள்ளே. பேர் வேண்டாம். இப்போது அங்கே வீடமைப்புத் திட்டம். கல்வீடு, மோட்டார்க் காடி, நாய்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ஒரு சப்பான்காரன் வந்தான். வாரத்துக்கு ஒருதரம் மோட்டார் சைக்கிளில் வருவான். அவனை எல்லாரும் துவான் என்றார்கள். மற்ற நாளெல்லாம் கணக்கு எழுதுகிற கிராணிதான் ராஜா. ரப்பரை யாரும் வாங்கவில்லை. பாதி மரத்தை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நடச் சொன்னார்கள். பால் வெட்டுகிற கை மண்வெட்டி பிடித்தது.

என் புருசன் முனியன். சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேண்டும் என்று லாரி வந்தபோது அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாசம் என்றார்கள். ஒரு வருசம் ஆகிவிட்டது. ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை.

லயத்து வீடு பெரட்டுப் புத்தகத்தில் பேர் இருக்கிற ஆம்பளைக்குத்தான். விடிகாலையில் எல்லாரையும் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பேர். புத்தகத்தில் பேர் இருந்தால் வீடு. பேரை வெட்டினால் வீடு இல்லை.

பங்குனிக் கடைசியில் கிராணி கூப்பிட்டார்.

"இந்தா பாக்கியம். உம்புருசன் பேரு ஒரு வருசமாப் புஸ்தகத்துல சும்மா கெடக்கு. வெட்டிடலாமா?"

"எதுக்குங்கய்யா? சயாம்ல இருக்காரு."

"சயாம்ல இருக்கறவனெல்லாம் உசுரோடவா இருக்கான்? கமுந்திங் ஊர்க்காரன் ஒருத்தன் தப்பிச்சு வந்து சொன்னானே, கேக்கலையா? இவன் போன கேம்புல வாந்திபேதி. ஒரு குழிக்கு இருவது பேரு."

"அவரு பேரச் சொன்னானா?"

"பேரு வேற சொல்லணுமா?"

"சொல்லலைல்ல. அப்ப வெட்டாதீங்க."

அவர் சிரித்தார். பாகான் டத்தோவிலிருந்து வந்த அவர் மச்சான் இரண்டு மாசமாக ஸ்டோர் மூலையில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டிருந்தான். லயத்தில் எல்லாருக்கும் அது தெரியும். எங்கள் வீட்டுச் சுவரைக்கூட ஒருநாள் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

"சித்திரை ஒண்ணு பெரட்டுக்கு துவான் வாராரு. புஸ்தகம் பாப்பாரு. செத்துட்டான்னு அன்னைக்கு வந்து கைநாட்டு வெச்சுடு."

"சித்திரை ஒண்ணு லீவு இல்லீங்களா?"

"லீவா? மாசக் கடைசில சப்பான் ராசா பொறந்த நாளு. அன்னைக்குத்தான் லீவு. அதுவும் கெழக்கப் பாத்துக் கும்புட்டப்புறம்."

எனக்குப் பேர் எழுதத் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூணாம் வகுப்பு. கிராணிக்கும் அது தெரியும். அப்படியும் கைநாட்டு என்றுதான் சொன்னார்.

அண்ணி

வீட்டில் நானும் என் புருசனின் அக்காவும். சின்னப்பொண்ணு என்று பேர். நான் அண்ணி என்பேன். நல்ல உயரம். குரல் இரண்டு லயத்துக்குக் கேட்கும்.

சப்பான்காரன் வந்த முதல் வருசமே அவர் புருசன் காய்ச்சலில் போய்விட்டார். கொய்னா மாத்திரை இல்லை. மறுநாளே கிராணி புத்தகத்தை நீட்டினார். அண்ணி அழுதுகொண்டே கட்டைவிரலை வைத்தார். மூன்றாம் நாள் வீடு போனது. ஒரு பானை, ஒரு பாய், அந்த விரலில் போகாத நீல மை. அதோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அப்படிப்பட்டவர் என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன்.

"வெச்சுடுடி" என்றார்.

"என்னா அண்ணி சொல்றீங்க?"

"வெச்சாத்தான் அழ முடியும். வெக்காம எத்தன நாளைக்கு இப்பிடிக் கல்லு மாரி ஒக்காந்திருப்ப?"

"வீடு போயிரும்."

"போனாப் போவட்டும். அடுத்த வீட்ல, அஞ்சல வீட்டு மூலைல படுத்துக்கலாம்."

"அவரு சாவல."

"நீ பாத்தியா?"

"நீங்க பாத்தீங்களா?"

அண்ணி அடுப்பில் இருந்த கட்டையை எடுத்துத் தரையில் அடித்தார். பொறி பறந்தது.

"அவன் ஒனக்கு நாலு வருசமாப் புருசன்டி. எனக்குப் பொறந்ததுலேருந்து தம்பி. நான் தூக்கி வளத்தவன். எனக்கு அழ வேணாமா? ஒரு ஒப்பாரி வெக்க வேணாமா? நீ கழுத்துல அதப் போட்டுக்கிட்டுத் திரியறவரைக்கும் நான் வாயத் தொறக்க முடியாது."

கிழங்கை உரித்தேன். நாலு நாள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே பானையில் சாப்பிட்டோம்.

அண்ணி கெட்டவர் இல்லை. அவருக்கு அழ ஒரு நாள் வேண்டும். எனக்கு அந்த நாள் வரக்கூடாது. விசயம் அவ்வளவுதான்.

மேசை வந்த கதை

லயத்து வீட்டில் மேசை என்பது கிடையாது. சாப்பிடுவது தரையில். எங்கள் வீட்டில் மட்டும் இருந்தது.

துரை ஓடின மறுநாள் பங்களாவுக்குள் எல்லாரும் புகுந்தார்கள். சிலர் பீங்கான் தட்டு எடுத்தார்கள். ஒருத்தர் துரையம்மாவின் தொப்பியை எடுத்துக் கோழி அடை வைத்தார். என் புருசன் போனபோது ஒன்றும் மிச்சமில்லை. குசினியில் அந்த மேசை மட்டும் நின்றது. கனத்த மரம். யாரும் தூக்க முடியாமல் விட்டது.

தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். தூரத்திலிருந்து பார்க்க மேசை தானே நடந்து வருகிற மாதிரி இருந்தது. வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றி, மேசையை உள்ளே விட்டு, கதவைத் திரும்ப மாட்டினார்.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"தொர இதுலதான் கோழி அறுத்தான். நாம மரவள்ளி அறுப்போம்."

கறையான் ஏறாமல் நாலு காலையும் நாலு பால் மங்கில் நிறுத்தித் தண்ணி ஊற்றி வைத்தார். ரப்பர் மரத்தில் கட்டிப் பால் பிடிக்கிற அதே மண் மங்கு. சயாம் லாரி ஏறின காலையிலும் நாலு மங்கிலும் தண்ணி இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார். என்னிடம் சொன்னது, "தண்ணி வத்தாமப் பாத்துக்க." வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நான் வற்றவிடவில்லை.

கனி

எங்கள் அம்மா நாங்குநேரிப் பக்கம். அங்கே சித்திரை ஒன்றாம் தேதி கனி பார்ப்பார்கள். முதல் நாள் சாயங்காலமே ஒரு தட்டில் பழம், அரிசி, பூ, தங்கம் எல்லாம் வைத்து, பின்னால் ஒரு கண்ணாடி. விடியும் முன்னே வீட்டு ஆள்களைக் கண்ணை மூடச் சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அதற்கு முன்னால் நிறுத்தி, இப்போ திற என்பார்கள். வருசத்தில் கண் முதலில் பார்ப்பது அது. கண்ணாடியில் நம் மூஞ்சியும் தெரியும். முதலில் எதைப் பார்க்கிறோமோ வருசம் அப்படிப் போகும் என்பது.

என் புருசன் வீட்டார் முசிறிப் பக்கம். அவர்களுக்கு இது தெரியாது. கல்யாணமான முதல் சித்திரையில் நான் முறத்தில் வைத்தேன். அவர் கேலி செய்தார்.

"கண்ணாடில பாத்தாப் பழம் ரெண்டாயிடுமா?"

அடுத்த சித்திரையில் மேசை வந்துவிட்டது. மேசையில் வைத்தேன். கண்ணை மூடி நடந்து வந்தவர் முட்டியை மேசைக் காலில் இடித்துக்கொண்டார். புது வருசத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை பத்திரிகையில் போடுகிற வார்த்தை இல்லை. லயமே சிரித்தது. வாரம் பூராவும் ஆள்கள் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டார்கள்.

அவர் போன பிறகு கனி வைக்க மனசில்லை. அந்த வருசம் வைக்காமல் விட்டிருப்பேன்.

ஆனால் கிராணி சித்திரை ஒன்று என்றார். அந்த நாளில் என் கண் முதலில் பார்ப்பது அவர் புத்தகமாக இருக்கக்கூடாது. அது மட்டும் உறுதி.

இருந்ததை வைத்தேன்

அன்றைக்கு அண்ணிக்கு உடம்பு அனல். இருட்டும் முன்னே முன்னறையில் சுருண்டுவிட்டார். நான் குசினியில் இருந்தேன்.

விரிக்கத் துணி இல்லை. நாங்கள் உடுத்தியதே கோணிச்சாக்கு. ரப்பர் உலர்த்துகிற புகைக்கூண்டில் விற்காமல் கிடந்த ரப்பர் ஷீட் ஒன்றை மேசையில் விரித்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் வெல்லப்பாகு நிறம். வாடைதான் ஒரு மாதிரி. அந்த வாடை எங்களுக்குப் பழக்கம்.

அரிசிக்கு ஒரு கொட்டாங்கச்சி கூப்பன் அரிசி. சுண்ணாம்பு கலந்திருக்கும், அந்த வாடைதான் அடிக்கும். பழத்துக்குப் பப்பாளிக் காய் ஒன்று, மரவள்ளிக் கிழங்கு ஒன்று. கிழங்கைக் கழுவி மஞ்சளுக்குப் பதில் செம்மண் பொட்டு வைத்தேன். வாழைப்பழம் இல்லாமல் கனி கிடையாது. வாழைத் தாரைப் பட்டாளத்துக்காரன் வெட்டிக்கொண்டு போய்விட்டான். சப்பான் நோட்டில் வாழை மரம் போட்டிருக்கும். அதில் ஒன்றை மடித்து வைத்தேன். அந்த நோட்டுக்கு அதைவிட நல்ல வேலை கிடைத்ததில்லை.

பூவுக்கு ஒரு செம்பருத்தி, கொஞ்சம் லாலான் புல்லின் வெள்ளைப் பூ. குங்குமச் சிமிழ் காலி. அதில் ரப்பர் கொட்டை நாலு போட்டேன். வரி வரியாகப் பளபளப்பாக அழகாகத்தான் இருக்கும். விளக்குக்கு ஒரு பால் மங்கு. செம்பனை எண்ணெய், சாக்கு நூல் திரி.

அவருடைய பால் வெட்டுகிற கத்தியை எடுத்தேன். துரு பிடித்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்து அரிசிக்குப் பக்கத்தில் வைத்தேன். பின்னால் அவர் சவரம் செய்கிற கண்ணாடி. ஒரு மூலை விரிசல்.

தங்கம் வேண்டும். அம்மா மூக்குத்தியைக் கழற்றி வைப்பாள். என் மூக்குத்தி எப்போதோ உப்பாகிவிட்டது. வீட்டில் தங்கம் என்று இருந்தது என் கழுத்தில்தான். குந்துமணி அளவு.

அம்மா இருந்திருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பாள். கனிக்காகத் தாலியைக் கழற்றுவது எந்த ஊரிலும் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் பேரில் நான் வைக்கிற கனியில் அவர் கட்டினது இல்லாமல் எப்படி? விடிந்ததும் எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். யார் பார்க்கப் போகிறார்கள்?

அப்படித்தான் நினைத்தேன். அண்ணியை மறந்துவிட்டேன்.

விடிகாலை

கோழி கூவவில்லை. கோழியெல்லாம் தின்றாகிவிட்டது. மண்டோர், அதாவது மேஸ்திரி, பெரட்டுக்கு அடிக்கிற முதல் தட்டு கேட்டு எழுந்தேன். கண்ணைத் திறக்காமல் குசினிக்குத் தடவிப் போய் விளக்கேற்றினேன். பிறகு கண்ணைத் திறந்து பார்த்தேன். கண்ணாடியில் என் மூஞ்சி, கீழே அவர் கத்தி, தாலி. போதும்.

அண்ணியை எழுப்பினேன். காய்ச்சல் விட்டிருந்தது.

"அண்ணி, கண்ணத் தொறக்காதீங்க. எந்திரிச்சு வாங்க."

"என்னாடி? வருசப் பொறப்புக் கூத்தா?"

"ஆமா. கைய எம்மேல வெச்சுக்குங்க."

நாலு நாள் சண்டைக்குப் பிறகு அவர் எழுந்து வந்ததே பெரிது. கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்தார். நான் முன்னே நடந்தேன். நிலைப்படியில் அவர் கால் தடுக்கியது. விழாமல் இருக்க என் கழுத்தைப் பிடித்தார்.

கை நின்றது. விரல் இந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் போனது. கயிறு இல்லை.

அண்ணி கண்ணைத் திறந்தார்.

அவர் அந்த வருசத்தில் முதலில் பார்த்தது என் வெறுங்கழுத்து.

"அய்யோ, எந் தம்பி!"

ஒரு வருசமாக அடக்கி வைத்திருந்த குரல். லயத்துப் பலகைச் சுவர் அதிர்ந்தது. "போயிட்டியாடா, மண்ணு தின்னக் குடுத்தேனாடா" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் வாயைப் பொத்தப் போனேன். தள்ளிவிட்டார். "கழட்டிட்டாளே! அவளே கழட்டிட்டாளே!"

பெரட்டுக்குக் கிளம்பிய பெண்கள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். முன்னே அஞ்சலை. அடுத்த வீட்டுக்காரி. வந்த வேகத்தில் அவளும் மார்பில் அடித்து அழ ஆரம்பித்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

"நிறுத்துங்க" என்றேன். ஒருத்திக்கும் கேட்கவில்லை.

மேசையில் கிடந்த கத்தியை எடுத்து மேசையில் ஓங்கி அடித்தேன். ரப்பர் ஷீட் கிழிந்தது. விளக்கு ஆடியது.

"யாரும் சாவல. கனிக்குத் தங்கம் வேணும். தங்கம் இல்ல. அதான் வெச்சேன். அதோ பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் தாலி. வாழை மர நோட்டு. செம்மண் பொட்டு வைத்த கிழங்கு.

அஞ்சலை மூக்கைச் சிந்திப் போட்டாள்.

"ஏன்டி பாக்கியம், ஒனக்குப் பைத்தியம்னா பக்கத்துலதானே இருக்கு தஞ்சோங் ரம்புத்தான். நடந்தே போலாம் லா."

யாரோ சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார்.

"நான் மொதல்ல பாத்தது அதில்ல" என்றார். "ஒன் வெறுங்கழுத்து."

சிரிப்பு நின்றது. அங்கே இருந்த எல்லாருக்கும் அது என்ன என்று தெரிந்துவிட்டது. வழக்கம் தெரியாதவர்களுக்கும் தெரிந்தது.

"போயி எடுத்துக் கட்டிக்க" என்றாள் அஞ்சலை.

"அவளா கட்டிக்கறதா? மஞ்சக் கயிறு மாத்தணும்னா சுமங்கலி கட்டணும். நீ கட்டு அஞ்சல" என்றாள் ஒருத்தி.

அஞ்சலை கையை நீட்டினாள். அண்ணி அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"எந் தம்பி கல்யாணத்துல மூணு முடிச்சுல ஒண்ணு அவன் போட்டான். ரெண்டு நான் போட்டேன். நாத்தனா முடிச்சு. எம் முடிச்சு அவுந்திருக்கு. நான்தான் போடணும்."

"நீ எப்பிடி சின்னப்பொண்ணு? நீ..."

"நான் என்னா? சொல்லு."

தாலி அறுத்தவள் தாலியைத் தொடக்கூடாது என்பதை அந்தக் குரலுக்கு முன்னால் யார் சொல்வது?

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் இன்னும் எதையும் பாக்கல. எல்லாரும் கேட்டுக்குங்க. சின்னப்பொண்ணு இன்னும் கண்ணத் தொறக்கல. எடுத்துக் குடுடி."

தாலியை அவர் கையில் வைத்தேன். கண்ணை மூடிய மேனிக்கே என் தலையைத் தடவி, முடியை ஒதுக்கி, கயிற்றைச் சுற்றினார். ஒரு முடிச்சு. இரண்டு. மூன்றாவதை அவர் பல்லால் இழுத்து இறுக்கினார். அவர் மூச்சு என் பிடரியில் சுட்டது.

"ரெண்டுதானே ஒங்க முடிச்சு?" என்றேன்.

"அவன் முடிச்சையும் போட்டேன். வந்து திட்டட்டும்."

என்னைத் திருப்பி நிறுத்தினார். அப்புறம் கண்ணைத் திறந்தார். கழுத்தைப் பார்த்தார். பிறகு மேசையை.

"இப்பப் பாத்தேன்" என்றார். "வெளக்க அணைக்காத. எல்லாரும் ஒருதரம் கண்ண மூடித் தொறங்க. லீவு இல்லன்னா வருசம் பொறக்காதா?"

லயத்துப் பெண்கள் பதினோரு பேரும் வரிசையில் வந்து கண்ணை மூடித் திறந்தார்கள். ஒருத்தி அரிசியை மோந்து பார்த்தாள். பெரட்டுக்கு மூன்றாவது தட்டு அடித்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது.

களத்தில்

துவான் நின்றான். குட்டையான ஆள். கையில் மூங்கில் கழி. கிராணியின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"எங்கடி போனீங்க மொத்தமா?" என்றார் கிராணி.

"வருசம் பொறந்துச்சுங்க. பாத்துட்டு வாரோம்" என்றாள் அஞ்சலை.

கிராணி துவானைப் பார்த்தார். மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் நீட்டினார். புத்தகம் விரித்திருந்தது. முனியன் என்று இருந்தது. அந்த வரியில் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு ஏற்கெனவே போட்டிருந்தார்.

"வெய்யி."

"முடியாது."

"துவான் நிக்கிறாரு."

"நிக்கட்டும்."

பக்கத்தில் அண்ணி. என் கையைத் தொடவில்லை. ஆனால் நின்றார். அன்றைக்கு நீல மை வைத்த அந்தக் கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கிப் பிடித்திருந்தார்.

துவான் என்ன என்று கேட்கிற மாதிரிக் கழியை ஆட்டினான். கிராணி வாயைத் திறக்கும் முன்னே நான் பேசினேன். எனக்குத் தெரிந்த மலாய் சந்தை மலாய்தான்.

"துவான், லக்கி சாயா கெர்ஜா சயாம். பெலும் மாத்தி."

என் புருசன் சயாமில் வேலை செய்கிறார், இன்னும் சாகவில்லை என்று அதற்கு அர்த்தம். வேலை என்றால் யார் வேலை? இவன் ராசா வேலை.

அவன் என்னைப் பார்த்தான். புத்தகத்தைப் பிடுங்கினான். "சயாம்?" என்றான். கிராணி தலையை ஆட்டினார். "மாத்தி?" செத்தானா என்று கேட்டான். செத்தான் என்றால் யார் சொன்னது என்று கேட்பான். கேம்பிலிருந்து ஓடிவந்தவன் சொன்னான் என்று அவனிடம் சொல்ல முடியுமா?

"பெலும், துவான்" என்றார். இன்னும் இல்லை.

கிராணிக்கு ஒரு அறை விழுந்தது. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது. பென்சில் எங்கேயோ போய் விழுந்தது.

தாமதமாக வந்ததற்கு எங்களுக்கும் கிடைத்தது. மண்வெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து வெயிலில் நிற்கவேண்டும். சூரியன் உச்சிக்கு வருகிறவரை நின்றோம். கையை இறக்கினால் கழி. இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். எனக்கு முதுகில் இரண்டு அடி. அண்ணிக்கு எத்தனை என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

அஞ்சலை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "ஒரு கெழங்கு நடல பாத்தியா? நின்னாலும் லீவு லீவுதான் லா."

பேர் அப்படியே இருந்தது. கிராணியின் மச்சான் ஸ்டோர் மூலையிலேயே கிடந்தான்.

மேசைக்கு முன்னால்

சப்பான்காரன் தோற்றான். வெள்ளைக்காரன் திரும்பினான். சயாமிலிருந்து ஆள்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தோட்டங்களுக்கு ஒருத்தர், இரண்டு பேர். எங்கள் தோட்டத்திலிருந்து போன பதினாறு பேரில் யாரும் வரவில்லை. நான் யாரையும் போய் விசாரிக்கவில்லை. மங்கில் தண்ணி ஊற்றினேன்.

ஐப்பசி மழை. ஒரு மத்தியானம் குழாயடிக்குப் போன அண்ணி குடம் இல்லாமல் ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"மேசைய வையி" என்றார்.

"என்னா அண்ணி?"

"கனி வையிடி! இருக்கறத வையி, சீக்கிரம்!"

சித்திரை இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் மூஞ்சியைப் பார்த்ததும் மேசைக்குத் திரும்பினேன். கை தானாக வேலை செய்தது. அடுப்பிலிருந்து இறக்கின மரவள்ளி ஆவியோடு. அவர் கத்தி. மங்கு விளக்கு. கண்ணாடி. தாலியைக் கழற்றவில்லை.

வாசலில் அண்ணி குரல். "கண்ண மூடுடா."

"என்னாக்கா இது..."

"மூடுன்னா மூடு."

உள்ளே கூட்டிவந்தார். வந்தவர் ஒரு கையில் தடி. காலில் வாழைப்பட்டை வைத்துக் கட்டின புண். எலும்பு மேல் தோல் போர்த்தின ஆள். கண்ணை இறுக்கி மூடியிருந்தார். சின்னப் பிள்ளை மாதிரி அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் நகரவில்லை.

முட்டி மேசைக் காலில் இடித்தது.

அதே வார்த்தை.

அண்ணி தரையில் உட்கார்ந்து அழுதார். அந்த அழுகையை நான் நிறுத்தப் போகவில்லை.

"இப்போ தொறங்க" என்றேன்.

திறந்தார். கண்ணாடியைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். சயாமில் கண்ணாடி ஏது?

"யாரு இது?" என்றார்.

"பெரட்டுல பேர் வெட்டாத ஆளு" என்றேன். "ஒக்காருங்க. கெழங்கு ஆறுது."